நூக்கலும் பையும்

முதலில் சங்கிலியை எடுத்து
அவள் கண்ணெதிரே பையில் போட வேண்டும்.
மற்றதெல்லாம் அப்புறம்.

பை என்றால் அவளுக்கு ஒரே அர்த்தம்.
மூஞ்சிக்கல் மேட்டில் மஞ்சள் கேட் போட்ட வீடு,
டிசம்பர், வாசலில் வரிசையாக ஏழு பை,
ஒரு வேன், கொஞ்சம் புகை.
பதினோரு நாள் அந்தக் கேட்டடியிலேயே கிடந்தாள்.
அவர்கள் வைத்த பெயர் மேக்ஸி.
அப்படிக் கூப்பிட்டால் இப்போது காதுகூட அசையாது.
நூக்கல் என்றால் வருவாள்.
நூக்கலைக் கொடுத்தால் மோந்துவிட்டுப் போய்விடுவாள்.

சங்கிலி போட்டாயிற்று.
பார்த்தாள்.
நம்பவில்லை.

சரி, உப்பு.
ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையப் பொடியுப்பு, அட்டைக்கு.
என் கால் என்றால் குனிந்து பார்த்துக்கொள்வேன்,
இவளுக்கு விரலிடுக்கில் போய் உட்காரும்,
நக்கி நக்கித் தரை சிவந்த பிறகுதான் தெரியும்.
உண்ணி பிடுங்க இடுக்கி.
என் புருவத்துக்கு வாங்கியது,
இனி புருவத்துக்கு ஆகாது.
வெறிநாய்க்கடி ஊசி போட்டதற்கு அட்டை,
இது ரத்தம் குடிக்காத அட்டை.
காய்வண்டியில் போகிறோம்,
வளைவுகளுக்குப் பழைய செய்தித்தாள்:
பூம்பாறைக்கு முன்னால் ஒரு தடவை எடுப்பாள்,
தாண்டி ஒரு தடவை.

உப்பு உள்ளே போனது.
சங்கிலி வெளியே வந்திருந்தது,
கட்டிலுக்கடியில், என் ஒற்றைக் காலுறையோடு.

ஈரல் வேகவைத்து, வெங்காயம் போடாமல்.
பூண்டும் கூடாது என்று
மெடிக்கலில் ரெஜினா சொன்னபோது சிரித்துவிட்டேன்.
நாங்கள் படுக்கப்போவதே கூக்காலில்
குழந்தைவேலு அண்ணன் பூண்டுக் காட்டோரம்.
அங்கே மேகம் இறங்கினால்
மேகத்திலும் பூண்டு வாசம்.

கழுத்து மணியைக் கழற்றினேன்.
தொலைந்தால் தேட வசதி என்று நான் கட்டியது.
சிறுத்தைக்கும் அதே வசதிதானே கண்ணு
என்றார் அண்ணன் போனில்.

டார்ச். தார்ப்பாய். அவள் போர்வை.
வாடகைக் கூடாரம், ஜிப்பு ஒரு பக்கம் போய்விட்டது,
அதற்கு ஊக்கு எட்டு.
திரும்பிப் பார்த்தால்
பையின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறாள்.
பதினெட்டுக் கிலோ.
இறங்கு என்றேன். கொட்டாவி விட்டாள்.
பைகளைப் பற்றி எனக்கும் ஒரு கருத்து உண்டு,
இந்த அறையில் ஒரு முறை நானும்
ஒரு பையின் மேல் உட்கார்ந்து பார்த்தவள்தான்,
அதை இப்போது பிரிக்கப்போவதில்லை.

சங்கிலியை அவள் கழுத்தில் மாட்டி
மறுமுனையைப் பையின் வாரில் முடிந்தேன்.
இழுத்துப் பார்த்தாள்.
பை வந்தது.
பின்னாடியே நான்.

ராத்திரி கூக்கால்.
குளிர் தரையிலிருந்து வந்தது.
என் போர்வை கட்டிலிலேயே இருக்கிறது
என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.
கொண்டுவந்த தட்டில் அவள் தண்ணீர் குடிக்கவில்லை,
ஓடைக்குப் போய்க் குடித்தாள்.
பதினொன்றரை இருக்கும்,
கூடாரத்துக்கு வெளியே ஒரு பெரிய மூச்சு.
சாணி வாசம். புல் பிய்யும் சத்தம்.
காட்டெருமை.
நூக்கலின் முதுகு மயிர் முழுக்க எழுந்து நின்றது,
வாய் திறக்கவில்லை.
நான்தான் குரைத்திருப்பேன்.

அது போக ஒரு மணி நேரம் ஆயிற்று.
பிறகு அவள் சாமான்களைக் கொட்டிவைத்த மூலைக்குப் போனாள்.
காலிப் பையை மூக்கால் திறந்தாள்.
உள்ளே ஒன்றுமில்லை,
மறுபடியும் பார்த்தாள், ஒன்றுமில்லை.
மூன்று சுற்றுச் சுற்றி அதற்குள்ளேயே படுத்தாள்.
அவள் போர்வையை நான் எடுத்துக்கொண்டேன்.

விடிந்து வெகுநேரம்.
கூடாரம் மடித்தாயிற்று, ஊக்கு எட்டும் எண்ணியாயிற்று,
காய்வண்டி மேட்டில் நின்று ஹாரன் அடிக்கிறது.
சாமான்களை மடியில் வைத்துக்கொண்டு
உட்கார்ந்திருக்கிறேன்.

பை இன்னும் எழுந்திருக்கவில்லை.